பூச்சுக்கு அடியில் இருக்கும் எண்கள்: போர்க்கால வண்டிகளின் தொழிற்சாலைக் குறிகளை வெளிக்கொணர முழுமையான வழிகாட்டி

பழைய ஜீப் ஒன்று கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, அதை மணல் பீய்ச்சிச் சுரண்டும் கடைக்கு அனுப்புவது. அரை நாளில் இரும்பு பளிச்சென்று திரும்பி வரும். பானட்டில் இருந்த பதிவு எண், ஆய்வாளர் போட்ட முத்திரை, படைப்பிரிவின் அடையாளம் எல்லாம் அந்த அரை நாளில் தூசியாகியிருக்கும். பிறகு எத்தனை பணம் கொடுத்தாலும் திரும்ப வராது. டிங்கரிங், வெல்டிங், எஞ்சின் வேலை எல்லாவற்றுக்கும் முன்பு குறிகளைத் தேடி முடித்துவிட வேண்டும்.

இங்கே பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளை (ஒரே வடிவமைப்பில் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் செய்தவை) வைத்தே சொல்கிறோம். சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் கிடைக்கும் லாரி, டிரெய்லர், கேரியர் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

எந்தக் குறி யாருடையது

ஒரு வண்டியில் குறைந்தது நான்கு வகைக் குறிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும்: தொழிற்சாலை போட்டது, ராணுவக் கிடங்கு போட்டது, படைப்பிரிவு போட்டது, போருக்குப் பின் வந்தவர்கள் போட்டது. இவற்றைப் பிரித்துச் சொல்வது எழுத்தின் வடிவம் அல்ல. எந்தப் பூச்சுக்கு மேலே, எதற்குக் கீழே இருக்கிறது என்பதுதான் சாட்சி. பிரைமருக்கு அடுத்து வரும் முதல் பச்சையின் மேல் நேரடியாக உட்கார்ந்திருப்பது தொழிற்சாலைக் குறியாக இருக்க வாய்ப்பு அதிகம். இடையில் இன்னொரு பச்சை வந்திருந்தால் அது கிடங்கு வேலையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கும்.

நம் ஊர் வண்டிகளில் அடுக்குகள் அதிகம். அமெரிக்காவில் செய்து பிரிட்டிஷ் படைக்குப் போன ஜீப், 1945க்குப் பின் இங்கேயே தங்கி, 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் ஓடி, பிறகு ரப்பர் தோட்டத்துக்கோ கட்டுமானக்காரருக்கோ கைமாறியிருக்கும். ஒவ்வொரு கையும் ஒரு பூச்சு. ஆறேழு அடுக்கு இருப்பது சாதாரணம். ஒரே அடுக்கு மட்டும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: யாரோ முன்பே சுரண்டிவிட்டார்கள், அல்லது அந்தத் தகடு புதிது.

அமெரிக்க வண்டிகளின் பதிவு எண் பானட்டின் இரு பக்கங்களிலும் இருக்கும். ஜீப்புக்கு 20, இரண்டரை டன் லாரிக்கு 4, மோட்டார் சைக்கிளுக்கு 6 என்று தொடங்கும். முன்னால் டபிள்யூ என்ற எழுத்து இருக்கலாம். கடைசியில் எஸ் இருந்தால் ரேடியோ இரைச்சல் தடுப்பு பொருத்திய வண்டி. போரின் முதல் பகுதியில் இந்த எண்கள் வெள்ளையில் இல்லை, மங்கலான நீலத்தில் எழுதப்பட்டன. ஆலிவ் பச்சையின் மேல் அந்த நீலம் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். வெள்ளை எண்ணைத் தேடிக்கொண்டே நீலத்தைத் தேய்த்து அழித்தவர்கள் நிறைய. இன்னொன்று: பானட் எண் வேறு, சேஸிஸ் எண் வேறு. இரண்டும் ஒன்றாக இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

பிரிட்டிஷ் எண்கள் ஓர் எழுத்தோடு தொடங்கும். கார், ஜீப் வகைக்கு எம், சிறிய டிரக்குக்கு இசட், லாரிக்கு எல், மோட்டார் சைக்கிளுக்கு சி. உதிரிபாகங்களில், அரசுச் சொத்து என்று காட்டும் அகன்ற அம்புக் குறியைத் தேடுங்கள். சும்மா அம்பு என்றால் பிரிட்டன், சி எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா, இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவில் அம்பு என்றால் ஆஸ்திரேலியா. ஜப்பானியத் தகட்டில் ஆண்டு ஷோவா (பேரரசரின் ஆட்சி ஆண்டு) கணக்கில் இருந்தால் அதோடு 1925ஐக் கூட்டுங்கள். ஷோவா 17 என்றால் 1942.

ஃபோர்டு என்றதும் புக்கிட் தீமா தொழிற்சாலையை நினைத்துவிடாதீர்கள். 15 பிப்ரவரி 1942 அன்று பிரிட்டிஷார் சரணடைந்த கட்டடம் அது. அங்கே பாகங்களைச் சேர்த்து வண்டிகளைப் பூட்டியது உண்மை. ஜிபிடபிள்யூ ஜீப்புகள் உருவானதோ அமெரிக்காவில். "இது நம்ம ஃபோர்டு ஃபேக்டரி ஜீப்" என்று சொல்லி விற்க வந்தால் விலையைக் கேட்காமலே நகரலாம்.

எங்கே தேடுவது

வெயிலும் கையும் படாத இடங்கள் முதலில். டாஷ்போர்டு தகடுகளுக்குப் பின்னால், கைப்பிடிகளின் அடியில், உதிரிச் சக்கரத் தாங்கிக்குப் பின்புறம், கருவிப் பெட்டி மூடியின் உட்புறம், சீட்டுக்கு அடியில், பானட்டின் உட்பக்கம். போல்ட் போட்டு இறுக்கிய எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அதன் அடியில் அன்றைய நிறம் அப்படியே இருக்கும். உங்கள் வண்டியின் அசல் பச்சைக்கு நம்பகமான மாதிரி அதுதான். கடைக்காரர் காட்டும் அட்டை அதற்கு ஈடாகாது.

இரும்பில் குத்திய எண்கள் வில்லிஸில் ஒரு விதம், ஃபோர்டில் ஒரு விதம். வில்லிஸின் சேஸிஸ் எண், வண்டியின் இடது அடிச்சட்டத்தின் உட்புறத்தில், முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால், ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். ஃபோர்டில் இடது சட்டத்தின் மேல்முகத்தில், ஷாக் அப்சார்பர் பிராக்கெட் அருகே நேரடியாகக் குத்தியிருப்பார்கள். எஞ்சின் எண், பிளாக்கின் வலது முன்பக்கத்தில், ஆயில் ஃபில்ட்டர் பக்கம் இருக்கும். ஃபோர்டில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தொழிற்சாலையை விட்டு வந்தபோது ஒன்றே. வில்லிஸில் அப்படி இல்லை.

தகடு காணாமல் போயிருந்தால் சட்டத்தின் முன் குறுக்குக் கம்பியைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ், தட்டை முகமுள்ள பெட்டி வடிவம் என்றால் ஃபோர்டு. ஃபோர்டு தன் பாகங்கள் பெரும்பாலானவற்றில், போல்ட் தலை வரைக்கும், எஃப் என்று பொறித்தது. ஆகவே எந்த போல்ட்டையும் மாற்றும் முன் துடைத்துப் பார்த்து, எஃப் உள்ளதைத் தனி டப்பாவில் போடுங்கள். ஆரம்பகால ஜீப்புகளில் பின் பலகையில் நிறுவனத்தின் பெயர் புடைத்திருக்கும். 1942 நடுவில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தைப் பட்டி வைத்து மூடியிருப்பது வழக்கம், விரலால் தடவினால் மேடு தட்டும்.

கையில் வேண்டியவை

- 400, 600, 800, 1200 எண் தண்ணீர்த் தேய்ப்புத் தாள், ஒவ்வொன்றிலும் 10
- விரல் அளவு ரப்பர் கட்டை ஒன்று, 10 மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி) ஒன்று
- 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் (சிம் லிம் டவரில் தேடலாம், 395 வேண்டாம், அதன் ஊதா வெளிச்சமே கண்ணை ஏமாற்றும்)
- வைட் ஸ்பிரிட், 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அசிட்டோன், தலா அரை லிட்டர்
- பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான பெயிண்ட் நீக்கி ஜெல், அரை லிட்டர்
- காட்டன் பட்ஸ் 200, மூங்கில் குச்சிகள், எண் 15 சர்ஜிக்கல் பிளேடு
- தெளிவான பிளாஸ்டிக் ஃபிலிம், நிரந்தர மை பேனா (பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைகள் போதும்)
- பாராலாய்டு பி-72 (அசிட்டோனில் கரையும் தெளிவான அக்ரிலிக் பிசின்) மணிகள் 50 கிராம்
- ஈயச் சோதனைக் குச்சிகள், பி3 அல்லது பி100 வடிகட்டியுள்ள முகக்கவசம், நைட்ரைல் கையுறை

மெத்திலின் குளோரைடு கலந்த நீக்கி வாங்காதீர்கள். அது எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் கிளப்பிவிடும். மூடிய இடத்தில் ஆளையும் சாய்த்துவிடும்.

தொடுவதற்கு முன்: ஈயம், ரேடியம், வெடிபொருள்

போர்க்காலப் பூச்சுகளில் ஈயமும் குரோமேட்டும் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர் தேய்ப்பு அறவே கூடாது. ஹீட் கன்னும் கூடாது. ஈயப் புகை ஒருபுறம், மெல்லிய எழுத்து கருகுவது மறுபுறம். ஈயக் குச்சி சிவந்தால் ஈயம் என்று பொருள். ஆனால் சிவப்புப் பிரைமரின் மேல் தேய்த்தால் பிரைமரின் நிறமே குச்சியில் ஏறி ஏமாற்றும்.

தேய்த்த தண்ணீரை வடிகாலில் ஊற்றாதீர்கள். நம் தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கால்வாயில் விடுவது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். தட்டில் பிடித்து, டிஷ்யூவில் உறிஞ்சி, பையில் கட்டி, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். வீவக கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். சுங்கை காடுட், காக்கி புக்கிட் பக்கம் பட்டறையில் ஓர் ஓரம் கேளுங்கள்.

பழைய மீட்டர்களின் முள்ளில் ரேடியம் பூசியிருக்கலாம். ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகாது. கண்ணாடியைத் திறக்காதீர்கள். சட்டத்துக்குள்ளோ பெட்டிக்குள்ளோ தோட்டா மாதிரி எதுவும் தென்பட்டால் கை வைக்காமல் விலகி 999ஐ அழையுங்கள்.

படி 1: கழுவி, படம் எடுப்பது

ஒரு வாளி தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான ஸ்பாஞ்சு, அவ்வளவே. உயர் அழுத்தத் தண்ணீர் உரியும் பூச்சை அடித்துக்கொண்டு போய்விடும்.

காய்ந்ததும் இருட்டில் சாதாரண டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். ஏழு அடுக்குக்குக் கீழே இருக்கும் ஸ்டென்சில் எழுத்தின் விளிம்பும் மேலே ஒரு முடியளவு மேடாகத் தெரியும். வெளிச்சத்தை நான்கு திசையிலிருந்தும் மாற்றி மாற்றி அடித்து, கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து நான்கு படமாவது எடுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதி எண்கள் கிடைத்துவிடுவது உண்டு. பானட்டைத் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாமலும் போகலாம்.

புற ஊதா டார்ச் மேல் அடுக்கில் இருப்பதைத்தான் காட்டும். துத்தநாக வெள்ளை மஞ்சள் கலந்த பச்சையாக மின்னும், டைட்டேனியம் வெள்ளை இருண்டு கிடக்கும். ஒரே எண்ணில் இரண்டு வெள்ளை தெரிந்தால் யாரோ பின்னால் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

படி 2: சோதனைக் குழி

எழுத்து இல்லாத ஓர் இடத்தில், தட்டையான பகுதியில், 3 சென்டிமீட்டர் வட்டம் வரையுங்கள். நடுவிலிருந்து 400 எண் தாளால் வட்டமாகத் தேய்த்து, நடுவில் மட்டும் இரும்பு தெரியும்வரை இறங்குங்கள். பிறகு 600, 800, 1200 என்று மெருகேற்றுங்கள். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல ஒவ்வொரு பூச்சும் வளையமாகத் தெரியும். ஈரத்தோடு லூப்பில் பாருங்கள். காய்ந்தால் எல்லாப் பச்சையும் ஒன்றுபோல் இருக்கும்.

வெளியிலிருந்து உள்ளே எண்ணி எழுதுங்கள்: மஞ்சள், சாம்பல், பளபளப்பான கரும்பச்சை, மங்கலான ஆலிவ், சிவப்புப் பிரைமர், இரும்பு. பளபளப்புள்ள கரும்பச்சை பொதுவாகப் போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் பூச்சு. போர்க்காலப் பச்சை பளபளக்காது, சுண்ணாம்புபோல் வறண்டிருக்கும். இரண்டு வளையங்களுக்கு நடுவே கறுத்த மெல்லிய கோடு தெரிந்தால் அது அழுக்கு: அந்த வண்டி அந்த நிறத்தில் சில காலம் ஓடியிருக்கிறது. கோடே இல்லை என்றால் இரண்டு பூச்சும் அடுத்தடுத்து அடித்தவை.

இப்படி பானட், மட்கார்டு, பின் பலகை, டாஷ்போர்டு என நான்கு குழி போடுங்கள். பானட்டின் வரிசை மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் பானட் வேறு வண்டியிலிருந்து வந்தது. இது அடிக்கடி நடக்கும். அப்போது அதன் எண் உங்கள் வண்டியின் எண் அல்ல.

படி 3: எந்தத் திரவத்துக்கு எது அசையும்

பிற்காலத்தில் ஸ்பிரே அடித்த நைட்ரோ பூச்சு அசிட்டோனில் உடனே கரையும். எண்பது வருடம் இறுகிய போர்க்கால எனாமல் சில நொடிகள் தாங்கும். அந்தச் சில நொடி வித்தியாசமே நம் மூலதனம்.

சோதனைக் குழியின் ஓரத்தில், ஒவ்வொரு வளையத்தின் மீதும் ஈரமான பட்ஸை 10 நொடி உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். முதலில் வைட் ஸ்பிரிட், பிறகு ஆல்கஹால், பிறகு அசிட்டோன், கடைசியில் ஜெல். பட்ஸில் எந்த நிறம் ஏறுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மேல் அடுக்கைக் கரைத்துக் கீழ் அடுக்கைத் தொடாத திரவம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதை வைத்தே எண்ணைத் திறக்கலாம். எல்லாமே ஒன்றாகக் கரைந்தால் தண்ணீர்த் தேய்ப்புதான் வழி.

படி 4: எண்ணைத் திறப்பது

டார்ச்சைப் படுக்கவைத்து அடித்த வெளிச்சத்தில் தெரிந்த எழுத்தின் மேல் 10க்கு 10 சென்டிமீட்டர் கட்டத்தைப் பென்சிலால் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் போதும். ஆசைப்பட்டு முழுப் பானட்டிலும் கை வைத்தால் சாயங்காலம் கை சலித்து, கடைசி எண்ணில்தான் தவறு நடக்கும்.

சோப்புத் தண்ணீர், ரப்பர் கட்டை, 600 எண் தாள். 15 இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். கழுவும் தண்ணீரின் நிறம் மாறுவது முதல் எச்சரிக்கை: அடுத்த அடுக்கு வந்துவிட்டது. உடனே 800க்கு மாறுங்கள். எழுத்தின் ஓரம்தான் முதலில் தெரியும், நடுப்பகுதி அல்ல. ஸ்டென்சில் விளிம்பில் பெயிண்ட் தடித்துக் குவிந்திருப்பதுதான் காரணம். ஆகவே முதலில் வெற்றுக்கோடாக, வெளிவரைபோல எண் தோன்றும். அங்கே நிறுத்துங்கள். 1200 எண் தாளில் சில இழுப்புகள், அல்லது ஜெல்லை மூங்கில் குச்சி நுனியில் தொட்டு ஒரு நிமிடம் வைத்து, வைட் ஸ்பிரிட் நனைத்த பட்ஸால் உருட்டி எடுங்கள். பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளினால் மேல் செதில் தானாகக் கழன்று வரும் இடங்களும் உண்டு. அப்படிக் கழன்றால் அதைவிட நல்ல முறை இல்லை.

தகட்டின் மடிப்பு, புடைப்பு, ரிவெட் தலை ஆகிய இடங்களில் பூச்சு மெல்லிசு. கட்டை அங்கே ஏறினால் இரண்டே இழுப்பில் இரும்பு வந்துவிடும். அங்கெல்லாம் கட்டையை விட்டுவிட்டு விரல் நுனியால் மட்டும் தேய்க்க வேண்டும்.

எண்களைப் படிப்பதில் ஒரு பொறி: பழைய எண்ணின் மேல் புதிய எண் எழுதியிருந்தால் இரண்டும் கலந்து மூன்றாவது எண்ணாகத் தெரியும். 3 மேல் 6 விழுந்தால் 8. 1 மேல் 7 விழுந்தால் 7 மட்டும்தான் தெரியும். ஸ்டென்சிலின் இணைப்புத் துண்டுகள் எங்கே இடைவெளி விட்டிருக்கின்றன என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். இடைவெளியே இல்லாவிட்டால் கையால் எழுதியது, அல்லது பின்னால் யாரோ இடைவெளியை நிரப்பியது.

படி 5: தகடுகளும் குத்திய எண்களும்

டாஷ்போர்டுத் தகடுகளின் மேல் பெயிண்ட் அப்பியிருந்தால் காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள். துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அது தின்றுவிடும். ஜெல்லைப் பூசி, மூங்கில் குச்சியால் எடுங்கள். பள்ளத்தில் இருக்கும் கறுப்பு நிரப்பு பெயிண்ட் அசல், அதைக் காப்பாற்றுங்கள். ஒப்படைத்த தேதி இந்தத் தகட்டில்தான் இருக்கும்.

துருவேறிய குத்து எண்ணை எஃகு பிரஷ் போட்டுத் தேய்த்தால் மேடும் பள்ளமும் சமமாகிவிடும். பித்தளை பிரஷும், அமிலமில்லாத துரு நீக்கித் திரவத்தில் நனைத்த துணியும் போதும். துணியை இரண்டு மணி நேரம் சுற்றி, மேலே பிளாஸ்டிக் மூடி, இடையிடையே பாருங்கள். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். மங்கிய எண்ணை ஆழப்படுத்தவோ மறுபடி குத்தவோ வேண்டாம். சேஸிஸ் எண்ணில் கை வைத்த தடயம் இருந்தால், வண்டியைப் பதிவு செய்ய நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் போகும்போது பதில் சொல்லி மாளாது.

படி 6: பதிவும் பாதுகாப்பும்

இந்த ஊர் ஈரப்பதத்தில் திறந்த இரும்பு ஒரு மணி நேரத்திலேயே பழுப்பேறத் தொடங்கும். டிசம்பர், ஜனவரி மழையில் அதற்கும் முன்னதாகவே. கட்டம் முடிந்ததும் ஆல்கஹாலால் துடைத்து, உடனே படம்: அளவுகோலும் நிற அட்டையும் படத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் ஃபிலிமை விரித்து எழுத்தை அப்படியே பேனாவில் வரைந்து எடுங்கள். உயரம், கோட்டின் தடிமன், எழுத்துகளின் இடைவெளி ஆகியவற்றை அங்குலத்தில் அளங்கள். அன்றைய ஸ்டென்சில்கள் அங்குலக் கணக்கில்தான் வெட்டப்பட்டன. மில்லிமீட்டரில் சரியான முழு எண் வந்தால் பிற்காலத்து வேலை என்று சந்தேகிக்கலாம்.

பூச்சைக் காக்க, 10 கிராம் பாராலாய்டு பி-72ஐ 100 மில்லி அசிட்டோனில் ஓர் இரவு ஊறவைத்துக் கரைத்து, மென்மையான பிரஷால் இரண்டு முறை மெல்லியதாகப் பூசுங்கள். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இழுக்கக்கூடாது, அடியில் உள்ள எழுத்து இளகும். முதலில் ஓரத்தில் சோதியுங்கள். அசிட்டோன் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு பால்போல் வெளுக்கும். மழை நாளில் இது நிச்சயம். பானட்டைக் கழற்றி ஏர்கான் அறைக்குள் கொண்டுபோய்ப் பூசினால் தப்பிக்கலாம். வெளுத்துவிட்டால் பயப்பட வேண்டாம், உலர்ந்த அறையில் அசிட்டோன் பட்ஸால் உருட்டி எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். மெழுகு பூசச் சொல்பவர்களும் உண்டு. பிறகு அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது என்பதால் எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை.

திறந்த எண்ணை என்ன செய்வது

மூன்று வழி. முழுவதையும் அப்படியே வைத்திருக்கலாம். வெயிலில் ஓடாத வண்டிக்கு மட்டும் சரி. எழுத்தைச் சுற்றி ஒரு சன்னல் மட்டும் விட்டு மீதியைப் பூசலாம். அல்லது பி-72க்கு மேல் முழுவதும் புதுப் பூச்சு அடித்து, ஃபிலிமில் எடுத்த அச்சை வைத்து அதே இடத்தில் அதே எண்ணை மறுபடி ஸ்டென்சில் செய்யலாம். ஓடும் வண்டிக்கு மூன்றாவது வழியே நல்லது. அசல் அடியில் பத்திரமாக இருக்கும், நாளை வேறொருவர் திறந்து பார்க்கலாம். புது எண்ணைக் கொஞ்சம் தள்ளி எழுதாதீர்கள், அடுத்து வருபவர் இரண்டு வண்டிகளின் எண் என்று நினைப்பார்.

சோதனைக் குழிகளில் ஒன்றையாவது மூடாமல், மட்கார்டின் அடியிலோ பெட்டி மூடியின் உள்ளேயோ விட்டுவையுங்கள். கழன்ற செதில்களைச் சிறு ஜிப் பைகளில் போட்டு, எந்தப் பாகம், எந்தப் பக்கம், மேலிருந்து எத்தனையாவது அடுக்கு என்று எழுதுங்கள். அவற்றையும் ஃபிலிம் அச்சுகளையும் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் அலமாரியில் 40 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் போதும். அலமாரி இல்லாதவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைக்கலாம். மணிகளின் நிறம் மாறியதும் அடுப்பில் சூடாக்கி மறுபடி போடுங்கள். இங்கே அது மாதம் ஒருமுறை வேலை.